சிங்கப்பூரும் நியூயார்க்கும்: வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடுவது எப்படி?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர் என்ற ஒரே விடைதான் எங்கும் கிடைக்கும். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் விடைகள் பலவாகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பரில் நியூயார்க்கின் ஜான் எப். கென்னடி விமான நிலையத்துக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோது, போவதற்கு 18 மணி 5 நிமிடம் என்றும் திரும்பி வருவதற்கு 18 மணி 40 நிமிடம் என்றும் அட்டவணையில் குறித்திருந்தது. பயணச்சீட்டிலோ, பின்னிரவு 2.25 மணிக்குப் புறப்படும் விமானம் அதே நாள் காலை 7.30 மணிக்குப் போய்ச் சேரும் என்று அச்சிடப்பட்டிருந்தது. மூன்றும் சரியான தகவல்களே என்றாலும், முதன்முறையாகத் தொலைதூரப் பயணம் செய்யப்போகும் ஒருவரை இவை குழப்பிவிடும்.

இரண்டு நகரங்களுக்கு இடையிலான தூரம், விமானம் உண்மையில் பறக்கும் பாதை, பறக்க எடுத்துக்கொள்ளும் நேரம், கடிகாரம் காட்டும் நேரம் ஆகிய நான்கும் வெவ்வேறானவை. இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல் பிரித்துப் பார்த்தால் எந்த நீண்ட பயணத்தையும் ஒரு தாளில் கணக்கிட்டுவிடலாம். உலகின் மிக நீண்ட இடைநில்லா விமானத் தடங்களுள் ஒன்றான சிங்கப்பூர் – நியூயார்க் தடத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்தக் கணக்கை இங்கே படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம்.

நூலால் அளக்கும் தூரம்

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் அளவுகோல் வைத்து இணைத்தால், அந்தக் கோடு மேற்கு நோக்கி இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் ஆகியவற்றைக் கடந்து சற்றே சாய்வாகச் செல்லும். அதுவே குறுகிய வழி என்று கண் சொல்லும். பள்ளிகளில் நாம் அதிகம் பார்க்கும் வரைபடங்கள் பெரும்பாலும் கெரார்டஸ் மெர்காட்டர் 1569ஆம் ஆண்டில் வகுத்த முறையில் அமைந்தவை, அல்லது அதைப் போன்று உலகைச் செவ்வகமாக விரித்துக் காட்டுபவை. திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு கப்பலைச் செலுத்தினால் அந்த வழி படத்தில் நேர்கோடாகத் தெரிய வேண்டும் என்பதே மெர்காட்டரின் நோக்கம். அந்த வசதிக்காகத் துருவங்களுக்கு அருகிலுள்ள பகுதிகள் மிகையாக விரிந்துவிடுகின்றன. கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகரான நிலப்பரப்பாகத் தெரிவது இதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிட ஏறக்குறைய 14 மடங்கு பெரியது.

மெர்காட்டர் படத்தின் அந்த நேர்கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு விமானம் பறந்தால், நியூயார்க்கை அடைய அது சுமார் 18,500 கிலோமீட்டர் செல்ல வேண்டியிருக்கும். உண்மையான குறுகிய தூரத்தைவிட இது 3,000 கிலோமீட்டருக்கும் மேல் அதிகம், அதாவது சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான முழுத் தூரத்தையும்விட அதிகம்.

உண்மையான குறுகிய வழியைக் காண உலக உருண்டை ஒன்றும் ஒரு நூலும் போதும். நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூரின் மீதும் மறுமுனையை நியூயார்க்கின் மீதும் வைத்து இறுக்கிப் பிடித்தால், நூல் தானாகவே வடக்கு நோக்கி ஏறி, தாய்லாந்து, லாவோஸ் பகுதி, சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாக ஆர்க்டிக் பெருங்கடலுக்குள் நுழைந்து, வட துருவத்தை உரசினாற்போல் கடந்து, மறுபக்கம் கனடாவின் மேலே இறங்கி நியூயார்க்கை அடையும். உருண்டையின் மையத்தின் வழியாக அதை இரு சமபாதிகளாக வெட்டினால் மேற்பரப்பில் கிடைக்கும் வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். உருண்டையின் மேலுள்ள எந்த இரு புள்ளிகளுக்கும் இடையிலான குறுகிய வழி, அவ்விரண்டின் வழியாகவும் செல்லும் பெருவட்டத்தின் ஒரு வில்லே ஆகும். விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று இணையத்தில் கிடைக்கும் எண் பெரும்பாலும் இந்த வில்லின் நீளம்தான். இதை ஒருமுறையேனும் நூல் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. எத்தனை படங்கள் பார்த்தாலும் வராத தெளிவு அந்த ஒரு நூலில் வந்துவிடும்.

பொதுவாகப் பெருவட்டத் தூரத்தைக் கணக்கிடக் கோளமுக்கோணவியல் தேவைப்படும். நாம் எடுத்துக்கொண்ட இணையில் மட்டும் ஓர் அரிய வசதி இருக்கிறது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையிலும், கென்னடி விமான நிலையம் மேற்குத் தீர்க்கரேகை 73.8 பாகையிலும் உள்ளன. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 178 பாகை. அதாவது உலகின் கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கங்கள். எனவே குறுகிய வழி ஏறக்குறைய வட துருவத்தின் மேலாகவே செல்கிறது. துல்லியமாகச் சொன்னால் துருவத்திலிருந்து சுமார் 280 கிலோமீட்டர் தள்ளிச் செல்கிறது. ஆகவே துருவம் வரை ஏறும் பாகைகளையும் அங்கிருந்து இறங்கும் பாகைகளையும் கூட்டினாலே விடை வந்துவிடும். சாங்கி வடக்கு அட்சரேகை 1.4 பாகையில் இருப்பதால் துருவத்துக்கு இன்னும் 88.6 பாகை ஏற வேண்டும். கென்னடி நிலையம் 40.6 பாகையில் இருப்பதால் துருவத்திலிருந்து 49.4 பாகை இறங்க வேண்டும். மொத்தம் 138 பாகை.

இதைக் கிலோமீட்டராக மாற்றுவதும் எளிது. கடலிலும் வானிலும் பயன்படும் கடல் மைல் என்ற அளவு, அட்சரேகையின் ஒரு பாகையை 60 கலைகளாகப் பிரித்து அதில் ஒரு கலையின் நீளத்தை அடிப்படையாகக் கொண்டு உருவானது. இன்று அது 1.852 கிலோமீட்டர் என்று வரையறுக்கப்பட்டுள்ளது. 138ஐ 60ஆல் பெருக்கினால் 8,280 கடல் மைல், அதை 1.852ஆல் பெருக்கினால் சுமார் 15,335 கிலோமீட்டர். அதிகாரபூர்வமாகச் சொல்லப்படும் 15,349 கிலோமீட்டருக்கு மிக அருகில் வந்துவிட்டோம். எஞ்சிய சிறு வேறுபாட்டுக்குக் காரணம், பூமி துருவப் பகுதிகளில் சற்றே தட்டையாக இருப்பதும் நாம் எண்களைச் சுருக்கிக்கொண்டதும்தான். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என்பதால், மேற்பரப்பில் எந்த இரு இடங்களும் 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகியிருக்க முடியாது. அந்த உச்ச எல்லையில் முக்கால் பங்குக்கும் மேலான தொலைவை இந்த விமானம் ஒரே மூச்சில் கடக்கிறது.

தூரத்தை வேகத்தால் வகுத்தால்

பெரிய பயணிகள் விமானம் ஒன்று, தரையிலிருந்து 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் ஒலியின் வேகத்தில் சுமார் 85 விழுக்காட்டு வேகத்தில் பறக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 56 பாகை செல்சியஸ். அக்குளிரில் ஒலியே மணிக்கு 1,060 கிலோமீட்டர் அளவில்தான் செல்லும் என்பதால், விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் ஆகிறது. 15,350ஐ 900ஆல் வகுத்தால் 17 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வரும். அட்டவணையோ 18 மணி நேரத்துக்கு மேல் சொல்கிறது.

இந்த இடைவெளியில் ஒரு பகுதி தரையிலேயே கழிந்துவிடுகிறது. விமான நிறுவனங்கள் அட்டவணையில் காட்டும் நேரம் சக்கரம் தரையை விட்டு எழுந்தது முதல் தொட்டது வரையிலான நேரமன்று. ஒரு நிலையத்தின் வாயிலிலிருந்து விமானம் பின்னோக்கித் தள்ளப்படும் கணம் முதல் மறு நிலையத்தின் வாயிலில் வந்து நிற்கும் கணம் வரையிலான நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதும், நியூயார்க் போன்ற நெரிசல் மிகுந்த நிலையத்தில் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடங்கும். மேலேறும்போதும் இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் செல்வதில்லை. வழக்கமாக நேரும் சிறு தாமதங்களுக்கென்று சில நிமிடங்களையும் நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே, எந்த இரு நகரங்களுக்கும் தோராயமான பயண நேரம் வேண்டுமென்றால், பெருவட்டத் தூரத்தை 900ஆல் வகுத்து, அத்துடன் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை கூட்டிக்கொள்வது தொடக்கநிலைக் கணக்குக்குப் போதுமானது.

எஞ்சிய பகுதிக்குக் காரணம் காற்று. இதைத்தான் விரிவாகப் பேச வேண்டும்.

காற்று என்னும் ஆறு

ஓடும் ஆற்றில் படகு செல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். துடுப்பு போடுபவரின் உழைப்பு இரு திசையிலும் ஒன்றாகவே இருந்தாலும், ஓட்டத்தோடு செல்லும்போது கரை விரைந்து நகர்கிறது. எதிர்த்துச் செல்லும்போது மெல்ல நகர்கிறது. விமானத்தின் 900 கிலோமீட்டர் வேகம் என்பது அதைச் சூழ்ந்துள்ள காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து வீசினால், தரையைப் பொறுத்து விமானம் 1,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். எதிரே வீசினால் 800தான்.

பூமத்தியரேகைக்கும் துருவத்துக்கும் இடைப்பட்ட பகுதிகளில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் குறுகலான, மிக வேகமான காற்றுப்பாதைகள் உள்ளன. ஜெட் காற்றோட்டம் என்று அவற்றைச் சொல்கிறோம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே இவற்றின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. ஜப்பானிய வானிலையாளர் வசபுரோ ஓயிஷி, 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு அவற்றின் நகர்வைத் தரையிலிருந்து பின்தொடர்ந்து இந்தக் காற்றை அளந்தார். உலகத்தார் படிக்க வேண்டும் என்ற விருப்பத்தால் 1926இல் தம் முடிவுகளை, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். அம்மொழியைப் படிப்பவர் மிகச் சிலரே என்பதால் அந்த அரிய உழைப்பு நெடுங்காலம் பிற நாடுகளில் கவனம் பெறாமலே கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே மிக உயரத்தில் பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றை நேரில் சந்தித்துத் திகைத்தார்கள்.

இதன் வலிமையை உணர ஓர் அண்மைக்கால நிகழ்வு உதவும். 2020 பிப்ரவரியில், சியாரா என்று பெயரிடப்பட்ட புயலையொட்டி வலுத்திருந்த காற்றோட்டத்தில் ஏறிக்கொண்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 747 விமானம் ஒன்று, நியூயார்க்கிலிருந்து லண்டனை 4 மணி 56 நிமிடத்தில் அடைந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. வழக்கமாக அந்தப் பயணத்துக்கு ஆறரை மணி முதல் ஏழு மணி நேரம் ஆகும். தரையைப் பொறுத்து அது ஒலியின் வேகத்தை மிஞ்சியதாகத் தோன்றினாலும், தன்னைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்து அது வழக்கமான வேகத்தில்தான் சென்றது.

போகும்போது லாபமும் வரும்போது நட்டமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஈடாவதில்லை. 9,000 கிலோமீட்டர் தூரத்தைக் காற்றே இல்லாத நாளில் 900 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கப் பத்து மணி நேரம். போய் வர இருபது மணி நேரம். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று இருந்தால், போவதற்கு 9 மணி நேரம், வருவதற்கு 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் சிக்கியிருப்பதால் நட்டம் எப்போதும் லாபத்தைவிடப் பெரிதாகவே இருக்கும்.

ஆகவே, பாதையைத் திட்டமிடுபவர்கள் குறுகிய தூரத்தைத் தேடுவதில்லை. குறுகிய நேரத்தையும் குறைந்த எரிபொருளையும் தேடுகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் விமானம் துருவ வழியை விட்டு, ஜப்பானை ஒட்டி வட பசிபிக்கைக் கடந்து செல்வதாக வைத்துக்கொள்வோம். அப்போது தூரம் சுமார் 16,200 கிலோமீட்டர். குறுகிய வழியைவிட 850 கிலோமீட்டர் அதிகம். ஆனால் வழிநெடுகச் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தாலே, 16,200ஐ 950ஆல் வகுத்து வரும் விடையும் 15,350ஐ 900ஆல் வகுத்து வரும் விடையும் ஒன்றாகிவிடுகின்றன. அதற்கு மேல் கிடைக்கும் ஒவ்வொரு கிலோமீட்டர் காற்றும் மிச்சம்தான். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்ப்பவருக்கு, தூரம் ஏன் நேரத்தைத் தனித்துத் தீர்மானிப்பதில்லை என்பது ஐயமின்றி விளங்கிவிடும்.

சிங்கப்பூரும் நியூயார்க்கும் நேர் எதிர்ப்பக்கங்களில் இருப்பதால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. திரும்பி வரும்போதும் கிழக்கு நோக்கியே அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் கடந்து வரலாம். காற்று இடம் கொடுக்கும் நாட்களில், போகும்போது பசிபிக், வரும்போது அட்லாண்டிக் என்று, பயணி இருமுறையும் பின்காற்றிலேயே சென்று உலகையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறார். ஏர் இந்தியா இதே உத்தியை 2016 அக்டோபரில் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ சேவையில் கையாண்டது. அதுவரை அட்லாண்டிக் வழியாகச் சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்துகொண்டிருந்த விமானத்தைப் பசிபிக் வழியாகத் திருப்பியபோது தூரம் சுமார் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. ஆனாலும் பயணம் சுமார் பதினான்கரை மணி நேரத்திலேயே, முன்னைவிட விரைவாகவே, முடிந்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், மேற்கு நோக்கிச் செல்லும் விமானத்துக்கு ஊர் எதிர்கொண்டு வரும் என்றும், எனவே அது விரைவில் சேர வேண்டும் என்றும் சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். பூமத்தியரேகையில் நிலம் மணிக்கு சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வது உண்மைதான். ஆனால் காற்று மண்டலமும் நிலத்தோடு சேர்ந்தே சுழல்கிறது. நிலையத்தில் நிற்கும் விமானமும் அந்த வேகத்தோடுதான் கிளம்புகிறது. ஓடும் ரயிலுக்குள் ஒரு பந்தை மேலே எறிந்தால் அது பின்பெட்டிக்குப் போய்விடாமல் நம் கைக்கே திரும்பி வருவதைப் போன்றது இது. சுழற்சியின் விளைவு வேறொரு வழியில் வந்து சேர்கிறது: வெப்பமான பகுதியிலிருந்து துருவம் நோக்கி நகரும் காற்றை அச்சுழற்சி கிழக்குப் பக்கமாகத் திருப்பிவிடுவதால்தான் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது.

வானத்திலும் எல்லைகள் உண்டு

காற்று அனுமதித்தாலும் நாடுகள் அனுமதிக்காத வழிகள் இருக்கின்றன. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்பரப்பு மேற்கத்திய விமானங்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்தது. அது திறக்கப்பட்ட பின்னர், 1998 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து ஹாங்காங்குக்குத் துருவ வழியாக கேத்தே பசிபிக் விமானம் ஒன்று இடைநில்லாமல் பறந்து, அப்போதுதான் திறக்கப்பட்ட புதிய விமான நிலையத்தில் இறங்கியது. 2022இல் உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்பரப்பு மீண்டும் மூடப்பட்டது. அதனால் ஒன்பதரை மணி நேரமளவில் முடிந்துகொண்டிருந்த ஹெல்சின்கி – டோக்கியோ பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாக நீண்டது. ஹெல்சின்கியும் இடம் மாறவில்லை, டோக்கியோவும் மாறவில்லை; பெருவட்டத் தூரம் அப்படியேதான் இருக்கிறது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்பரப்பை மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே செல்லும் இந்திய விமானங்களுக்கும் இதே நிலை ஏற்பட்டது. அவசர காலத்தில் இறங்குவதற்கு ஒரு நிலையம் குறிப்பிட்ட நேரத்துக்குள் எட்டும்படி இருக்க வேண்டும் என்ற விதியும், குறிப்பாக இரண்டு எஞ்சின் விமானங்களின் பாதையை வளைக்கிறது.

தூரம் கூடக்கூட எரிபொருளே பெருஞ்சுமையாகிவிடுகிறது. சிங்கப்பூர் – நியூயார்க் தடத்தில் பறக்கும் மிக நீண்ட தொலைவுக்கென உருவாக்கப்பட்ட ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருளைக் கொள்ளும். ஒரு லிட்டர் ஏறத்தாழ 800 கிராம் என்பதால் அது மட்டுமே சுமார் 132 டன். விமானம் புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 280 டன். எடையில் கிட்டத்தட்டப் பாதி எரிபொருள்தான் என்றாகிறது. பயணத்தின் பிற்பகுதியில் எரிக்கப்போகும் எரிபொருளைத் தூக்கிச் செல்வதற்காகவே முற்பகுதியில் கூடுதல் எரிபொருள் எரிகிறது. அதனால்தான் பொதுவாக 300க்கும் மேற்பட்ட இருக்கைகளைத் தாங்கக்கூடிய இந்த விமானத்தில் 161 இருக்கைகள் மட்டுமே வைக்கப்பட்டன. சாதாரண வகுப்பே இல்லை. இதற்கு முன்பு 2004 முதல் 2013 வரை, நியூயார்க்கை அடுத்துள்ள நியூவார்க் நிலையத்துக்கு நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானங்கள் இடைநில்லாமல் பறந்தன. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் அந்தச் சேவை நின்றது. எரிபொருள் குறைவாகச் செலவாகும் இரண்டு எஞ்சின் விமானம் வந்த பிறகே, 2018 அக்டோபரில், சேவை மீண்டும் தொடங்கியது.

இடையில் இறங்கிச் செல்லும் பயணம்

நம்மில் பெரும்பாலோர் இடைநில்லா விமானத்தில் செல்வதில்லை. எங்கேனும் ஓரிடத்தில் இறங்கி மாறுகிறோம். அப்படி இறங்குவதால் தூரம் வெகுவாகக் கூடிவிடும் என்ற அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. சிங்கப்பூரிலிருந்து பிராங்பர்ட் சென்று அங்கிருந்து நியூயார்க் சென்றால் மொத்தம் சுமார் 16,500 கிலோமீட்டர். குறுகிய வழியைவிட 7 அல்லது 8 விழுக்காடுதான் அதிகம். சென்னையிலிருந்து நியூயார்க்குக்குப் பெருவட்டத் தூரம் சுமார் 13,480 கிலோமீட்டர். துபாய் வழியாகச் சென்றால் முதல் கட்டம் சுமார் 2,940, இரண்டாம் கட்டம் சுமார் 11,020, ஆக மொத்தம் 13,960. கூடுதல் 500 கிலோமீட்டர்கூட இல்லை. அதே பயணத்தைச் சிங்கப்பூர் வழியாகச் செய்தால் 18,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இடைநிலையம் பெருவட்டத்துக்கு அருகில் இருக்கிறதா என்பதே கேள்வி. உலக உருண்டையில் பிடித்த அந்த நூல் இதற்கும் விடை சொல்லும்.

கூடுவது தூரமன்று, நேரம். துபாய்ப் பயணத்தில் முதல் விமானத்துக்கு ஏறத்தாழ 4 மணி நேரமும் இரண்டாவதற்கு ஏறத்தாழ 14 மணி நேரமும் ஆகின்றன. இடையில் காத்திருப்பு மூன்று மணி நேரம் என்றாலும் மொத்தம் 21 ஆகிறது. சென்னையில் மூன்று மணி நேரம் முன்னதாக வந்து நிற்பதையும், நியூயார்க்கில் குடிநுழைவு வரிசையையும் பெட்டிக்காகக் காத்திருப்பதையும் சேர்த்தால், வீட்டு வாசல் முதல் வீட்டு வாசல் வரை 26, 27 மணி நேரம் ஆகிவிடும். வயதான பெற்றோரை அனுப்பி வைப்பவர்கள், விமான நேரத்தை மட்டும் பார்த்து மருந்து, உணவு, ஓய்வு ஆகியவற்றைத் திட்டமிடக் கூடாது. மூன்று வேளை மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கு விமான நேரத்துக்கும் மொத்த நேரத்துக்கும் இடையிலான இந்த எட்டு, ஒன்பது மணி நேர வேறுபாடு ஒன்றிரண்டு வேளை மருந்தாகும்.

கடிகாரக் கணக்கு

பயணச்சீட்டில் அச்சிடப்படும் புறப்பாட்டு நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி. வருகை நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி. இந்த ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொண்டால் தொடக்கத்தில் கண்ட புதிர் அவிழ்ந்துவிடும். சிங்கப்பூரின் கடிகாரம் உலகப் பொதுநேரத்தைவிட 8 மணி நேரம் முந்தியது. அதன் தீர்க்கரேகைக்கு இயல்பாகப் பொருந்துவது 7 மணி நேரம்தான் என்றாலும், 1982ஆம் ஆண்டின் தொடக்கம் முதல், மலேசியாவோடு ஒத்துப்போகும்படி 8 மணி நேரம் என்றாக்கிக்கொண்டது. நியூயார்க் குளிர்காலத்தில் பொதுநேரத்தைவிட 5 மணி நேரமும், கோடைகால நேரம் நடப்பிலிருக்கும் மாதங்களில் 4 மணி நேரமும் பிந்தியிருக்கும். மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்படுகிறது. நவம்பரின் முதல் ஞாயிறன்று பின்னே நகர்த்தப்படுகிறது. எனவே இரு நகரங்களுக்கும் இடையிலான வேறுபாடு குளிர்காலத்தில் 13 மணி நேரம், கோடையில் 12 மணி நேரம். சென்னையிலிருந்து கணக்கிடுவோர் அரை மணி நேரத்தையும் மறக்கக் கூடாது: நியூயார்க் நம்மைவிடக் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும்.

குளிர்கால அட்டவணையை இப்போது போட்டுப் பார்ப்போம். திங்கட்கிழமை பின்னிரவு 2.25 மணிக்குச் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானம் 18 மணி 5 நிமிடம் பறந்து இறங்கும்போது, சிங்கப்பூரில் திங்கள் இரவு 8.30. அதிலிருந்து 13 மணி நேரத்தைக் கழித்தால் நியூயார்க்கில் திங்கள் காலை 7.30. முழுப் பகலைப் பயணத்தில் செலவிட்ட பிறகும், பயணியின் முன்னால் அதே திங்கட்கிழமையின் பகல் முழுவதும் மீதமிருக்கிறது. உடல் இரவு என்று சொல்லும். ஊர் காலை என்று சொல்லும்.

திரும்பும் பயணத்தில் கணக்கு தலைகீழாகிறது. திங்கட்கிழமை இரவு 10.30 மணிக்கு நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு 18 மணி 40 நிமிடம் பறந்தால், இறங்கும்போது நியூயார்க்கில் செவ்வாய் மாலை 5.10. அதோடு 13 மணி நேரத்தைக் கூட்டினால் சிங்கப்பூரில் புதன்கிழமை காலை 6.10. பயணச்சீட்டில் வருகை நேரத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் கூட்டல் குறியிட்டு 2 என்று போட்டிருப்பது இதைத்தான் குறிக்கிறது. சாங்கி நிலையத்துக்கு வந்து அழைத்துச் செல்ல வேண்டியவர்களிடம் திங்கள் இரவு புறப்படுகிறேன் என்று மட்டும் சொன்னால், அவர்கள் செவ்வாய்க்கிழமையே வந்து காத்திருக்கக்கூடும். புதன் காலை 6.10 என்று, சேரும் ஊரின் கிழமையையும் நேரத்தையும் எழுதி அனுப்புவதே முறை.